அடிக்காத அடி

மார்ச் 4, புதன்

இன்று அம்மாக்கள் கூட்டம். அதை நடத்தும் அக்காவின் வீட்டு ஹாலில், வழக்கம்போல வட்டமாக உட்கார்ந்து, ஒவ்வொருத்தியும் இந்த வாரம் குழந்தைக்குச் செய்த ஒரு தப்பைச் சொன்னோம். சொன்னதும் மற்றவர்கள் கை தட்ட வேண்டும். என் முறை வந்தபோது, "ஒண்ணும் இல்லக்கா" என்றேன். கைதட்டல் இல்லை. அக்கா சிரித்தபடி, "ஒண்ணுமே இல்லங்கறவங்கதான் உள்ள நிறைய வெச்சிருப்பாங்க" என்றார். செருப்பு மாட்டும்வரை யாரும் என்னோடு பேசவில்லை.

மார்ச் 5

எதை மறைக்கிறேன்? யோசித்ததில் பால் பொங்கி அடுப்பெல்லாம் வழிந்துவிட்டது. இது தப்புக் கணக்கில் சேருமா?

மார்ச் 11, புதன்

பாப்பாவை அடித்துவிட்டேன் என்று சொன்னேன். அடிக்கவில்லை. சொல்ல வேறு எதுவும் இல்லை, அவ்வளவுதான். கை தட்டினார்கள். கூட்டத்துக்கு வரும் தையற்காரி எழுந்து வந்து கட்டிக்கொண்டாள். அசிங்கம் — அந்த நிமிஷம் சுகமாக இருந்தது.

அக்கா என் மடியிலிருந்த பாப்பாவின் முகத்தை நிமிர்த்தி, "எனக்குப் போன வாரமே தெரியும்மா. இவ கண்ணுலயே பயம் இருந்துச்சு. நீயா சொல்லட்டும்னு காத்திருந்தேன்" என்றார்.

நடக்கவே நடக்காததை எப்படிப் பார்த்தார்?

மார்ச் 12

"உன் தங்கச்சி வந்துட்டுப் போனாலே குழந்தை சுருண்டுடுது" என்று போன மாதம் அக்கா சொன்னாரே, அதையும் இப்படித்தான் பார்த்தாரா? அதை நம்பித்தானே தங்கையை வராதே என்றேன்.

அவளுக்கு ஃபோன் செய்தேன். "யாரு பேசறது?" என்றாள். கொஞ்ச நேரம் திட்டிவிட்டு, பாப்பாவுக்குப் பல் முளைத்துவிட்டதா என்று கேட்டாள்.

மார்ச் 14

அக்கா என் வீட்டுக்காரரிடம் பேசியிருக்கிறார். எனக்கு மனசு சரியில்லையாம். கொஞ்ச நாள் பகலில் குழந்தை அக்கா வீட்டில் இருக்கட்டுமாம்.

"நெஜமாவே அடிச்சியா?" என்றார் வீட்டுக்காரர்.

"இல்ல."

"அப்ப ஏன் சொன்ன?"

கை தட்டுவார்கள் என்று. சொல்லும்போது எனக்கே பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. "நாலு நாள்தானே, விட்டுத்தான் பாப்போமே" என்கிறார். என் பிள்ளைய என்கிட்டேர்ந்தே காப்பாத்தணுமா?

மார்ச் 15, ஞாயிறு

அக்கா வாசலில் நின்று கை நீட்டினார். "குடும்மா. நீ நிம்மதியாத் தூங்கி எத்தன நாளாச்சு?" அவ்வளவு கனிவு. கொடுத்துவிடுவேனோ என்று என்மேலேயே பயமாக இருந்தது.

"நான் அடிக்கலக்கா. அன்னிக்கு சும்மா சொன்னேன்."

"பாத்தியா, இப்ப மறுக்கற. இதுவும் அந்தக் கோளாறுதான்."

ஆமாம் என்றாலும் கோளாறு, இல்லை என்றாலும் கோளாறு. இதில் வாதாட இடமே இல்லை. "குழந்தையத் தர மாட்டேன்க்கா" என்று மட்டும் சொல்லிக் கதவைச் சாத்தினேன். உள்ளேயிருந்து எல்லாம் கேட்டுக்கொண்டிருந்த வீட்டுக்காரர் எழுந்து வந்து தாழ்ப்பாளைப் போட்டார்.

மார்ச் 18, புதன்

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள்.

மார்ச் 27

கடைத்தெருவில் தையற்காரி. அவள் தள்ளிவந்த குழந்தை வண்டியில் துணி மூட்டை மட்டும் இருந்தது. என்னைப் பார்க்காத மாதிரி தாண்டிப் போனவள் திரும்பி வந்தாள்.

"நீங்க சொன்னது பொய்யாமே. உங்ககிட்ட பேசக் கூடாதுன்னு அக்கா சொல்லிட்டாங்க."

"பொய்தான்" என்றேன்.

வண்டியின் கைப்பிடியைத் துடைத்துக்கொண்டே நின்றாள். "பையன் கட்டில்லேர்ந்து விழுந்துட்டான்னு கூட்டத்துல நான் சொன்னேன்ல..."

அவன் விழவே இல்லையாம். அதைச் சொன்னதிலிருந்து இந்த மாதம் முழுக்கப் பகலில் அக்கா வீட்டில்தான் இருக்கிறான்.

துணி மூட்டையை நான் வாங்கிக்கொண்டேன். அவள் காலி வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அக்கா வீட்டு அழைப்பு மணியை அவளே அழுத்தினாள்.