அடிச்சட்டம் வளையாத இன்ஜின்

ஜுனுவின் அம்மாவுக்கு திவாகர் எழுதுவது. வீட்டில் எல்லோரும் சுகமா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்துவிட்டேன், பயப்படாதே. நான் சொல்லச் சொல்ல, அறையில் கூட இருக்கும் சனாதன் எழுதுகிறான்.

நின்றிருந்த நிலக்கரி வண்டியில் மோதிய என் சரக்கு இன்ஜினை ஷெட்டில் பார்த்தேன். ஓட்டுநர் அறை மட்டும்தான் நசுங்கியிருந்தது.

"அடிச்சட்டம் வளையவே இல்லண்ணே. இன்னும் இருபது வருஷம் இழுக்கும்," என்றார் ஃபோர்மேன்.

அறையை அறுத்தெடுத்துவிட்டு, புதிதாக ஒன்றைப் பற்றவைத்தார்கள். நேற்று அது மறுபடி கரி இழுக்கப் போய்விட்டது. உதவி ஓட்டுநர் பைராகி அந்தப் பழைய அறைக்குள்ளேயே செத்துப்போனான். இனி ஓட்ட லாயக்கில்லை என்று என்னையும் எழுதிவிட்டார்கள்.

கொஞ்சம் உளுந்து வடகம் அனுப்பு. எனக்கு இரண்டு சட்டையும் தைத்து அனுப்பு. வலப்பக்கம் கை வைக்க வேண்டாம். மிச்சத் துணியில் ஜுனுவுக்கு ஏதாவது தைத்துக் கொடு.

சனாதனுக்கு டூட்டி நேரமாகிவிட்டது, முடிக்கிறேன்.