யோனாஸுக்கு இன்சூரன்ஸ் கிடைக்காது

என்னங்க,

ஆஸ்பத்திரிக்குப் போகிறேன். சோறும் வாழையிலையில் சுட்ட மீனும் மூடி வைத்திருக்கிறேன். நேற்று நீங்கள் கோவில் கூட்டம் முடிந்து வருவதற்குள் தூங்கிவிட்டேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நம்மிடம் வாடகைக்கு எடுத்த ஸ்கூட்டரிலிருந்து விழுந்து தொடை எலும்பை முறித்துக்கொண்ட யோனாஸுக்கு இன்று ஆபரேஷன். ஊரில் அவன் எடுத்த பயண இன்சூரன்ஸ் கம்பெனி கையை விரித்துவிட்டது. பைக் லைசென்ஸ் இல்லாமல் ஓட்டினால் தர மாட்டார்களாம். "லைசென்ஸ் எதுக்கு, பாலியில யாரும் கேக்க மாட்டாங்கன்னு அண்ணன்தானேக்கா சொன்னாரு?" என்று கேட்டான்.

லைசென்ஸ் பார்த்துக் கொடுங்கள் என்று எத்தனை தடவை தலையில் அடித்துக்கொண்டேன்! "நீ சும்மா இரு லூ, வர்ற வாடிக்கையைக் கெடுக்காத" என்றீர்கள். இப்போது திருப்திதானே?

அவன் அம்மா ஊரில் கடன் வாங்கிக்கொண்டு இன்று வருகிறாள். மதியம் நேராக நம் வீட்டுக்குத்தான் வருவாள். நான்தான் வரச் சொன்னேன். பின்னறையைப் பெருக்கி வையுங்கள். நீங்கள் சொன்னதை அவளிடம் உங்கள் வாயாலேயே சொல்லுங்கள். நான் சொல்ல மாட்டேன்.

லூ சுவார்னி

ஸ்கூட்டர் சாவிகள் எல்லாம் என் பையில். தேடாதீர்கள்.

செருப்பு போடும்போது யோனாஸ் போன் செய்தான். "அண்ணன் ஏன் ஒரு தடவைகூட வரலை? ஸ்கூட்டர் நசுங்கினதுக்குக் கோவமா?" என்று கேட்கிறான். அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்களும் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுங்கள்.