லைன் ஷட்டவுன்

ஐப்பசி, செவ்வாய் இரவு

என் மனைவி சரோஜாவுக்கு இன்று மூன்றாவது கீமோ ஏற்ற வேண்டிய நாள். ரத்தத்தில் வெள்ளணு குறைந்திருப்பதால் அடுத்த வாரம் வரச் சொல்லி டாக்டர் திருப்பி அனுப்பிவிட்டார். கைவிட்டுவிட்டாரோ என்று வழியெல்லாம் பயந்துகொண்டே வந்தேன்.

தொழிற்சாலையில் ஷிப்ட் முடிந்து வந்த மருமகளிடம் சொன்னேன். சிரித்தாள். "இன்னா மாமா, மிஷின் ரிப்பேருக்கு எங்க லைன ஷட்டவுன் பண்ணா கம்பெனிய மூடிட்டாங்கன்னா அர்த்தம்? சரி பண்ணிக்கினு மறுபடி ஓட்டுவாங்க."

டாக்டர் முதலிலேயே சொன்னதுதான், பயத்தில் மறந்திருக்கிறேன். வேகமாகப் பெருகும் அணுக்களை மருந்து தாக்குகிறது. புற்றோடு, ரத்தம் ஊறும் மஜ்ஜையும் அடிபடுகிறது. நல்ல அணுக்கள் புற்றணுக்களை முந்தித் தேறி எழுந்துகொள்ளுமாம். அதற்குத்தான் இடைவெளி. சரியாகத்தான் புரிந்துகொண்டேனா? அடுத்த வாரம் கேட்டுவிட வேண்டும்.

கட்டிலிலிருந்து சரோஜா, "இன்னாங்க, நான் ஷட்டவுன்ல கீறேன். லைட்ட அணைங்க" என்கிறாள். அவள் கேலி பேசி எவ்வளவு நாளாயிற்று! அணைக்கிறேன்.