சரி, அப்படியே வச்சுக்குவோம்

அன்புள்ள தகரத்துக்கு,

உன் கடிதம் கிடைத்தது. நலமா என்று கேட்கப் போவதில்லை; நலமில்லை என்று நீயே எழுதிவிட்டாய். நான் நலம். திட்டித் திட்டித் தொண்டைதான் கட்டியிருக்கிறது.

இங்கே என்னோடு இயற்பியல் நடத்திக்கொண்டிருந்த உன்னை வேலையை விட்டு அனுப்பும்போது, "பாடம் நடத்தத் தெரியாதவ" என்றார் தலைமையாசிரியர். அந்தப் பேச்சை மூட்டை கட்டி இப்போது இருக்கும் ஊர்வரை சுமந்து போயிருக்கிறாய். "அவர் சொன்னது சரிதான்டி. நான் செஞ்ச பாடங்களைக் கம்ப்யூட்டர்லேருந்து அழிச்சிடு" என்கிறாய். முதலில் நடந்ததைக் கேள்.

கணினி அறை எப்போதும்போலப் பூட்டித்தான் கிடந்தது. விளம்பரத்துக்குப் படம் எடுக்கும் நாளில் மட்டும் முதல் பிரிவு உள்ளே உட்காரும். மூட்டை தூக்குகிறவர், கழிவறை கழுவுகிறவர் பிள்ளைகளெல்லாம் கடைசிப் பிரிவு. அவர்கள் தொட்டால் தேய்ந்துவிடுமாம். நான் விடாமல் சண்டை போட்டேன். தொல்லை தாங்காமல் ஒரு பாடவேளைக்குத் தலைமையாசிரியரே வந்து திறந்துவிட்டு, காவலுக்கு வாசலில் நின்றார்.

கடைசிப் பிரிவுக்குக் கணினியில் உன் பஸ் கணக்கைப் போட்டேன். சீராக ஓடும் பஸ்ஸுக்குள் நாணயத்தை நேர்மேலே சுண்டினால் எங்கே விழும்? தையல்காரர் மகள் 'பின்னால்' என்று அழுத்திவிட்டு, திரையில் சிவப்புப் பெருக்கல் குறி வரப்போகிறது என்று கையை இழுத்துக்கொண்டாள். வந்தது நீ பதிந்து வைத்த உன் தகரக் குரல்: "சரி, அப்படியே வச்சுக்குவோம். அப்புறம் என்ன ஆகும்?" நாணயம் பின்னால் பறந்தது. அடுத்து, பஸ்ஸுக்குள் குதித்த பொம்மைப் பையன் பின்கண்ணாடியில் பல்லியாக ஒட்டிக்கொண்டான். வகுப்பே சிரித்தது. "டீச்சர், அப்படின்னா நாங்க தினமும் பின்னாடி ஒட்டிக்கிட்டுல்ல வரணும்" என்றாள் தையல்காரர் மகள். பிறகு, "காசும் பஸ்ஸோட சேர்ந்து ஏற்கெனவே ஓடிக்கிட்டுத்தானே இருக்கு" என்று விடையைத் தானே மாற்றினாள்.

வாசலில் நின்றவருக்கு அந்தச் சிரிப்பு பொறுக்கவில்லை. "விளையாடுங்க, விளையாடுங்க. இதுங்க பாஸாகவா போகுது" என்றார்.

அந்தப் பெண் எழுந்தாள். குரலில் துளி கிண்டல் இல்லை. "சரி சார், அப்படியே வச்சுக்குவோம். அப்புறம் என்ன ஆகும்?"

விருட்டென்று போனவர் சாவியைப் பூட்டிலேயே விட்டுவிட்டார். அது இப்போது என் பையில் இருக்கிறது. நானும் கொடுக்கவில்லை, அவரும் கேட்கவில்லை. கடைசிப் பிரிவுக்கு இப்போது தினமும் கதவு திறக்கிறது.

நன்றி சொல்லத்தான் உட்கார்ந்தேன். எனக்கு வராத வேலை அது. கோபப்படத்தான் வரும். ஆனாலும் சொல்கிறேன், உன்னால் அந்த அறையில் நான் கத்த வேண்டியிருக்கவில்லை.

உனக்குப் பாடம் நடத்தத் தெரியாது என்கிறாய். சரி, அப்படியே வச்சுக்குவோம். அப்புறம் என்ன ஆகும்? அந்தப் பெண் அன்று எழுந்து அப்படிக் கேட்டிருக்கவே முடியாதே.

எதையும் அழிக்கவில்லை. வெப்பம் பற்றிய பாடம் இன்னும் பாக்கி இருக்கிறது. "தகரம் டீச்சர் அடுத்தது எப்ப அனுப்புவாங்க" என்று பிள்ளைகள் பிடுங்கி எடுக்கிறார்கள். துருப்பிடித்துவிடாதே, அனுப்பு.

என்றும் உனக்கு நன்றியுள்ள,
சண்டைக்காரி