கட்டிலுக்கு அடியில் ஒரு வலை

அன்புள்ள வாப்பாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி குறைந்ததா? நடந்ததை நடந்தபடியே எழுதுகிறேன், பயப்படாமல் வாசியுங்கள்.

சனிக்கிழமை நீங்கள் வரவில்லை என்றதும் கட்டிலுக்கு அடியில் போய்ப் படுத்துவிட்டேன். சோறும் வேண்டாம் என்றேன். ஆஸ்பத்திரியின் இந்த மனநல வாட்டில் பிள்ளைகள் யாராவது இப்படிக் குழம்பினால் ஓடி வருபவர் உளவளத்துணையாளர் மேர்சியா மிஸ். அவர் என்னை வெளியே வரச் சொல்லவில்லை. பக்கத்தில் தரையில் அமர்ந்து, கம்பளி நூலில் வலை பின்னத் தொடங்கினார். ஒரு முடிச்சும் சரியில்லை. பொத்துவில் கடற்கரைப் பிள்ளை நான், அதைப் பார்த்துக்கொண்டு எப்படிக் கிடப்பது?

"மிஸ், இது சப்பாத்து முடிச்சு. இதுல நெத்தலியும் நிக்காது."

"அப்ப நீங்க கட்டிக் காட்டுங்களன்."

"இங்க இருந்து கை எட்டாது."

"எட்டுற இடத்துக்கு வாங்க."

வெளியே வந்து வலையில் ஐந்து கண் பின்னினேன். "ஆரு பழக்கின?" என்று கேட்டார். வாப்பா என்று சொல்லும்போதுதான் அழுகை வந்தது. பிறகு சோறு தின்றேன். மிஸ் நூலை மறக்காமல் வாங்கிக்கொண்டார், இங்கே அதை வைத்திருக்க விடமாட்டார்கள்.

இன்றைக்குத்தான் தெரிந்தது, மிஸ்ஸும் கல்முனையில் மீனவர் வீட்டுப் பிள்ளை. எல்லா முடிச்சும் தெரியுமாம்.

வரும் சனி முதல் பஸ்ஸில் ஏறுங்கள். நீங்கள் உடுத்த பழைய சாரன் ஒன்றும் வேண்டும், தோய்க்க வேண்டாம்.

உங்கள் மகள் ஸில்மியா.

லைட்டை அணைத்துவிட்டார்கள், இந்த வரியை இருட்டில் எழுதுகிறேன்.