திரையில் வந்த சொல்

அக்கா,

நலமா என்று கேட்டால் நலம் என்று பொய் சொல்வாய், அதனால் கேட்கவில்லை. என் கேமரா ஜெயித்துவிட்டது!

இன்று காலை காட்டு வளைவில் ஒரு யானையும் குட்டியும் தண்டவாளத்தில் ஏறின. மரத்தில் நான் கட்டிய கேமரா அவற்றை அடையாளம் கண்டது. சிக்னல் தானாகச் சிவப்பானது. உன் கூட்டாளி டிரைவர் ஓட்டிவந்த ரயில் தள்ளியே நின்றது. ரேடியோவில் கூப்பிட்டார்.

"தம்பி, குட்டி நடுவுல நின்னு மண்ணள்ளித் தலையில போட்டுக்குது. ஹாரன் அடிக்கவா?"

"அடிச்சீங்கன்னா நான் வந்து உங்கள அடிப்பேன்ணே!"

முழு ரயிலும் காத்திருந்தது. இரண்டும் ஆடி அசைந்து போயின.

எச்சரிக்கைத் திரையில் 'தடை' என்று வந்தால் போதும் என்றார் என் மேலதிகாரி. முடியவே முடியாது என்றேன். அன்று உன் ரயில் யானைமேல் மோதிய பிறகு, 'தடை அகற்றப்பட்டது, வண்டியை எடுங்கள்' என்றுதானே ரேடியோவில் சொன்னார்கள்? அதைக் கேட்டு எஞ்சினிலிருந்து இறங்கியவள், இன்றுவரை திரும்ப ஏறவில்லையே நீ? என் திரையில் 'யானை' என்றுதான் வரும். இன்று வந்தது. சந்தோஷத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

நாளைக் காலை வண்டிக்கு இன்னும் டிரைவர் போடவில்லை. சும்மா ஒரு தகவலுக்குச் சொன்னேன்.

உன் தலைக்கனம் பிடித்த தம்பி