படத்தில் தொங்கிய சாவி

அன்புள்ள உம்மாவுக்கு, கலீம் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். முழங்கால் வலி தேவலையா? போனில் பேசினால் உங்களுக்குக் காது கேட்பதில்லை, அதனால்தான் எழுதுகிறேன். திருச்சியில் நான் சுகம்.

இந்த வாரம் ஸ்ரீரங்கத்தில் ஒரு வேலை. அனுசுயா மாமி வீட்டுப் பழைய கார். அவர் கணவர் போன வருடம் தவறிவிட்டார். ஓட்ட ஆளில்லாமல் நிற்கிற வண்டியில், புது பேட்டரி போட்டும் சார்ஜ் இறங்கிக்கொண்டே இருந்தது. பேட்டரியிலிருந்து எவ்வளவு கரண்ட் போகிறது என்று மீட்டர் மாட்டிப் பார்த்தேன். வயரிங்கில் குறையில்லை. ஆனால் பூட்டிய கார் தூங்காமல் விழித்தே இருந்தது.

அப்போது மாமி, காருக்குப் பக்கத்துச் சுவரில் இருந்த கணவர் படத்தைத் துடைக்க உள்ளே எடுத்துப்போனார். மீட்டர் சட்டென்று இறங்கியது. திரும்ப மாட்டினார், ஏறியது. எழுந்துபோய் அந்தப் படத்தைக் கிட்டத்தில் பார்த்தேன்.

பயப்படாதீர்கள் உம்மா, காரணம் இருக்கிறது. படத்து மாலைக்குள் அவருடைய ரிமோட் சாவி தொங்கியது. அது பக்கத்தில் இருந்தால், ஓட்டுகிறவர் வந்துவிட்டார் என்று கார் விழித்துக்கொள்ளும்.

“சாவியைத் தள்ளி வைங்க மாமி, சரியாயிடும்.”

“அவர் வந்துட்டார்னு நெனச்சிண்டிருக்கா அது? அப்படியே இருக்கட்டும்பா. நீ அப்பப்போ வந்து சார்ஜ் போட்டுட்டுப் போ.”

அதன்பிறகு அந்த டிரைவர் சீட்டில் உட்கார எனக்கு மனம் வரவில்லை.

தேங்காப்பட்டணத்திலிருந்து யாராவது வந்தால் நெத்திலிக் கருவாடு கொடுத்தனுப்புங்கள். துஆ செய்யுங்கள். கடையில் கூப்பிடுகிறார்கள்.

நம் வீட்டு வாசல் ஆணியில் என் பைக் சாவி இருக்கிறதா? தம்பி கேட்டாலும் கொடுக்காதீர்கள். அங்கேயே தொங்கட்டும்.

உங்கள் கலீம்